லயம் என்னும் சொல்

'லைன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் கேட்டால் நம் பள்ளி ஆசிரியர்கள் தயங்குவதில்லை. கோடு என்பர், வரி என்பர், வரிசை என்பர். கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோட்டை இழுத்துக் காட்டினால் பாடம் முடிந்துவிடும். ஆனால் பதுளை நகருக்கு மேலே, நமுனுகுல மலைச்சரிவில் இருக்கும் ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் அதே கேள்வியை ஒரு சிறுவனிடம் கேட்டால், அவன் விரல் கரும்பலகையை நோக்கி நீளாது. சன்னலுக்கு வெளியே, தேயிலைச் செடிகளின் நடுவே தகரக் கூரையோடு நீண்டு கிடக்கும் கட்டடத்தை நோக்கி நீளும். அதுதான் லயன், அங்கேதான் எங்கள் வீடு என்பான்.

அகராதியும் சிறுவனும் ஒரே சொல்லுக்குத்தான் பொருள் கூறுகின்றனர். இருவரில் யார் கூறுவது மெய்ப்பொருள்? இதை மொழிநூலாரின் சிறு சிக்கல் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு சொல்லின் பொருளை நிர்ணயிப்பவர் யார், இழிவு ஒட்டிக்கொண்ட சொல்லை அதற்கு உரியவர்கள் என்ன செய்ய வேண்டும் என்ற இரண்டு வினாக்கள் இதனுள் அடங்கியுள்ளன. இரண்டும் ஒழுக்கத்தைப் பற்றிய வினாக்கள். இரண்டையும் நாம் சற்றுப் பொறுமையுடன் ஆராய்வது நன்று.

கடல் கடந்து வந்த சொல் எந்த மண்ணில் இறங்குகிறதோ அந்த மண்ணின் வாழ்க்கையை உறிஞ்சியே வளர்கிறது. தமிழ்நாட்டில் தொலைபேசி வந்தபோது 'லைன் கிடைக்கவில்லை' என்ற புலம்பலும் உடன் வந்தது. மின்சாரம் வந்தது; கம்பத்தில் ஏறிப் பழுது பார்ப்பவர் 'லைன்மேன்' ஆனார். கல்லூரி வாசலில் நின்று போகிற பெண்களைப் பார்த்துப் பல்லிளிக்கும் இளைஞன் 'லைன் அடிக்கிறான்'. கோவை, திருப்பூர் வட்டாரங்களில், ஒரு முற்றத்தைப் பகிர்ந்துகொண்டு ஒட்டி ஒட்டிக் கட்டப்பட்ட வாடகைக் குடித்தனங்களுக்கு 'லைன் வீடு' என்று பெயர். டெல்லியிலும் அலகாபாத்திலும் 'சிவில் லைன்ஸ்' என்றால் முகவரியே ஒரு மதிப்பு. வெள்ளை அதிகாரிகள் மரநிழலில் மாளிகை கட்டி வாழ்ந்த பகுதி அது. அரசியல் விவாதங்களில் நம் நண்பர்கள் 'கட்சியின் லைன்' இன்னது என்று வாதாடுவர். அந்த லைனைப் பற்றிப் பின்னர் பேசுவோம்.

இத்தனை பொருள்களில் எதையும் அகராதிக்காரர் தம் அறையில் அமர்ந்து ஆக்கவில்லை. மனிதர் மனிதரோடு கொண்ட உறவு ஆக்கியது. ஆளுகின்றவர்களின் வரிசை வீடுகள் பெருமையின் பெயராயின. ஆளப்படுகின்றவர்களின் வரிசை வீடுகள் இழிவின் பெயராயின. கோடு என்னும் வடிவம் இரண்டுக்கும் ஒன்றுதான். பெருமையையும் இழிவையும் கோடு தரவில்லை என்பது இதனாலேயே விளங்கும்.

இனி, இச்சொல் மலை ஏறிய வரலாற்றைப் பார்ப்போம். ஆங்கில ஆட்சியில் படைவீரர் தங்கும் கொட்டடிகளின் வரிசைக்கு 'லைன்ஸ்' என்று பெயர். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் 'சிப்பாய் லைன்ஸ்' என இடப்பெயராகவே அது நிலைத்தது. இலங்கையில் 1815இல் கண்டி அரசு வீழ்ந்தது. 1817இலும் 1818இலும் ஊவாவில் மூண்ட எழுச்சி இரத்தத்தில் அடக்கப்பட்டது. 1840இன் முடிக்குரிய நிலச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்டமுடியாத காட்டையும் மேட்டையும் அரசின் உடைமையாக்கிற்று. அந்நிலம் தோட்ட முதலாளிகளின் கைக்கு மாறியது. கோப்பி பயிரிடப்பட்டது. மதுரை, திருச்சி, தஞ்சை, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து பஞ்சமும் கடனும் துரத்திய மக்களைக் கங்காணிமார் திரட்டி வந்தனர். அவர்களைத் தங்கவைக்கப் பட்டாளத்துக் கொட்டடியின் வடிவமே எடுத்தாளப்பட்டது. வடிவத்தோடு பெயரும் வந்தது. கூலி என்னும் நம் சொல் ஆங்கிலத்தில் ஏறி மனிதனின் பெயராகி, அங்கிருந்து 'கூலி லைன்ஸ்' என்று கட்டடத்தின் பெயராகித் திரும்பி வந்தது.

இங்கு ஒரு பொருளாதார உண்மையைக் கவனிக்க வேண்டும். கோப்பிக்கு அறுவடைக் காலத்தில்தான் ஆள் மிகுதியாகத் தேவை. பருவம் முடிந்தால் பலர் ஊர் திரும்புவர். சில மாதத் தங்கலுக்குக் கொட்டடி போதும் என்பது முதலாளியின் கணக்கு. 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழிக்கத் தொடங்கியது. அதனிடத்தில் தேயிலை வந்தது. தேயிலையோ ஆண்டு முழுவதும், வாரத்துக்கு வாரம் கொழுந்து விடும் செடி. அதற்கு நிலையான உழைப்பாளர் வேண்டும், பெண்களும் வேண்டும், நாளைய உழைப்புக்குக் குழந்தைகளும் வேண்டும். ஆகவே மக்கள் குடும்பங்களாய் நிலைத்தனர். ஆனால் கட்டடம் மாறவில்லை. சில மாதத் தங்கலுக்கு எண்ணிய கொட்டடியில் தலைமுறைகள் பிறந்து வளர்ந்து மாண்டன. தற்காலிகத்தை நிரந்தரமாக்கியதே லயத்தின் வரலாறு.

ஒரே கூரை, அதன்கீழ் ஒட்டி ஒட்டி அறைகள். ஓர் அறை ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி. முன்னே ஒரு சிறு திண்ணை, அங்கேயே அடுப்பு. பின்னுக்குப் பின் ஒட்டிக் கட்டிய இரட்டை லயமாயின் பின்புறம் காற்று வர வழியே இல்லை. ஓர் அறையில் பேசுவது அடுத்த அறையில் கேட்கும். தாய் தந்தை, மணமான மகன், மருமகள், பருவமடைந்த பெண், கைக்குழந்தை அனைவருக்கும் அவ்வோரறையே உலகம். எதிரே, உயரத்தில், பூந்தோட்டத்தின் நடுவே துரையின் பங்களா. மேலிருந்து பார்த்தால் தோட்டத்தின் சமூக அமைப்பு முழுவதும் ஒரு வரைபடம்போல் தெரியும். அதை விளக்கத் தனி நூல் வேண்டாம்.

கொட்டடியோடு வந்த சொற்கள் இன்னும் பல. காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரித்துக் கொடுப்பது பெரட்டு; அதுவும் பட்டாளத்து அணிவகுப்பின் ஆங்கிலப் பெயரே. தேயிலைத் தொழிற்சாலை ஸ்டோர். இரயில் கோச்சி. அறைக்குக் காம்பரா என்று போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற பெயர். லயத்தின் அறை லயக்காம்பரா. இவற்றினும் நம்மைச் சிந்திக்கவைப்பது அயற்சொல்லே அல்லாத ஒரு சொல், நம் 'பேர்'. தோட்டத்தில் பேர் என்றால் ஒருநாள் வேலைக்கான பதிவு. குறித்த அளவு கொழுந்து பறித்தால் பேர் விழும். நிறை குறைந்தால் அரைப்பேர். தாய் தந்தையர் குழந்தையின் காதில் மும்முறை ஓதி வழங்கிய பேரை, கணக்கப்பிள்ளையின் ஏடு அரைநாட் சம்பளமாக வெட்டியது. மனிதன் வாழுமிடம் கோடாயிற்று. மனிதனின் பேர் கூலியாயிற்று. சுரண்டல் உழைப்பை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. மொழியையும் தன் கணக்கேட்டுக்கு இசைய வளைத்துக்கொண்டது.

எனினும் கதை இத்துடன் முடியவில்லை. மக்கள் தம்மேல் சுமத்தப்பட்ட சொல்லை அப்படியே சுமப்பவர்களல்லர். சுமந்தபடியே அதைத் தம் தோளுக்கு ஏற்பச் செதுக்கிக்கொள்வர். 'லைன்ஸ்' தொழிலாளியின் நாவில் லயன் ஆயிற்று. பிறகு லயம் ஆயிற்று. தமிழில் லயம் என்பது ஏற்கெனவே உள்ள சொல். இசையில் காலக்கட்டு, மெய்ஞ்ஞானிகளின் பேச்சில் ஒன்றிக் கலத்தல். ஆலயம் என்ற சொல்லின் ஓசையும் அதில் உண்டு. எந்தப் புலவரும் திட்டமிட்டு இவ்வாறு மாற்றவில்லை. பழகிய ஓசைக்கு நாக்கு தானே திரும்பியது. மேட்டு லயம், பணிய லயம், பெரிய லயம் என்று லயங்களுக்கு அடைமொழிகள் பிறந்தன. லயத்து வாசலில் காமன் கூத்து ஆடினர்; பந்தலிட்டுப் பெண்ணைக் கட்டிக் கொடுத்தனர்; பிணத்தைக் கிடத்தி ஒப்பாரி வைத்தனர். எண்ணிட்ட கொட்டடி இப்படித்தான் ஊர் ஆயிற்று.

ஸ்பிரிங்வெளி என்ற பெயரே இதற்குச் சான்று. பள்ளத்தாக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே அப்பெயரின் பிற்பாதி. தொழிலாளி அதை 'வெளி' ஆக்கிக்கொண்டான். வெளி என்பது தமிழில் திறந்து கிடக்கும் நிலம். கிழக்கிலங்கையில் வயல்நிலத்தையும் வெளி என்றே வழங்குவர். சொந்தமாக ஒரு பாத்தி நிலமும் இல்லாதவர்கள், தாம் வாழும் இடத்துக்கு நிலத்தின் பெயரைச் சூட்டிவிட்டனர்! பத்திரத்தில் கிடைக்காத உரிமையைச் சொல்லில் எடுத்துக்கொண்டனர் என்று கூறினும் மிகையாகாது.

ஆனால் சொல்லுக்கு உள்முகம் ஒன்று, புறமுகம் ஒன்று. லயத்துக்குள் லயம் உறவின் பெயர். லயத்துக்கு வெளியே அது வசவின் முன்னுரை. 'லயத்து ஆள்' என்று சொல்லும்போதே குரலில் ஏறும் ஏளனத்தை நாம் அறிவோம். அதை அடுத்து 'தோட்டக்காட்டான்' என்ற சொல் வரும். இதைச் சொன்னவர்கள் வெள்ளைத் துரைமார் மட்டுமல்லர். பிற இனத்தார் மட்டுமல்லர். கற்றறிந்த தமிழரும், தமிழ் வளர்க்கும் கழகங்களில் முன்வரிசையில் அமர்ந்த தமிழரும் சொன்னார்கள். ஒரே மொழி பேசினோம் என்பது ஏளனத்தைத் தடுக்கவில்லை. ஏளனத்தை அவர்கள் தெளிவாகப் புரிந்துகொள்ளவே உதவிற்று.

இந்த இழிவு உணர்ச்சியோடு நிற்பதன்று. அதற்கு நடைமுறை வடிவமும் உண்டு. ஊவாத் தேயிலையின் மணம் உலகச் சந்தையில் புகழ் பெற்றது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றில் பறிக்கப்படும் கொழுந்துக்கு விலை மிகுதி. தேயிலைப் பொதியின் மேல் அது பிறந்த தோட்டத்தின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். இலண்டனிலோ கொழும்பிலோ ஏலம் எடுத்தவர் அந்தப் பெயரைப் பார்த்தே விலை கூறினர். தேயிலைக்கு இவ்வாறு முகவரி இருந்தது. அதைப் பறித்தவளுக்கு இல்லை. அவளுக்கு வரும் கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வரும். அங்கிருந்து எவரேனும் கொடுத்தால் உண்டு. நேர்முகத் தேர்வுக்கு வந்த அழைப்பு நாள் கடந்து கையில் சேர்ந்ததால் வாய்ப்பிழந்த இளைஞர்களைப் பற்றி மலையகத்தில் கேட்காத செவி இல்லை. கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலைக்குச் செல்லும் மலையகப் பிள்ளைகளில் பலர், ஊர் எது என்று கேட்டால் தோட்டத்தின் பெயரை விழுங்கிவிட்டுப் பதுளை என்று நகரத்தின் பெயரைச் சொல்கின்றனர். தன் தாய் வாழும் வீட்டின் பெயரைச் சொல்ல ஒரு பிள்ளை கூசுமாயின், அந்தக் கூச்சத்தின் குற்றவாளி யார்?

இந்த நிலையில் மூன்று வகையான அறிவுரைகள் நம் காதில் விழுகின்றன.

முதலாவது, சொல்லை ஒழியுங்கள் என்பது. கூலி என்பதை விட்டுத் தொழிலாளி என்றோம். அதுபோல் லயம் என்பதை விட்டுக் குடியிருப்பு என்போம். இழிவு நீங்கும் என்கின்றனர். இதில் நியாயம் இல்லாமலில்லை. கூலிக்காரன் என்று அழைக்கப்பட்டவன் தொழிலாளி என்று தன்னை அழைத்துக்கொண்டபோது அவன் முதுகு நிமிர்ந்தது மெய். ஆனால் அங்கே பெயர் மட்டுமா மாறியது? சங்கம் தோன்றியது, வேலைநிறுத்தம் தோன்றியது. 1940இல் பதுளைப் பகுதியின் வெவெஸ்ஸத் தோட்டத்தில், சமசமாஜத் தோழர்களின் தலைமையில் போராடிய தொழிலாளர் தமக்குள் ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்தனர். அக்குழுவைக் கலந்தே காரியம் செய்வதென்று துரையை ஒப்புக்கொள்ளவும் வைத்தனர். தொழிலாளி என்ற சொல்லுக்கு உயிர் கொடுத்தவை அத்தகைய செயல்களே. அந்தச் செயல் இல்லாமல், பத்தடி அறையின் வாசலில் 'குடியிருப்பு' என்று பலகை மாட்டினால், புதிய பெயரும் சில ஆண்டுகளில் பழைய இழிவைப் பூசிக்கொள்ளும். பிறகு அதையும் மாற்ற வேண்டிவரும்.

இரண்டாவது, சொல்லில் என்ன இருக்கிறது, நிலைமையை மாற்றுங்கள் என்பது. பொருள்முதல்வாதம் பேசும் நம் நண்பர்களுக்கு இது இனிப்பான வாதம். ஆனால் இது பாதி உண்மை. வெறும் ஒலிதான் என்றால் அப்பிள்ளை ஏன் கூச வேண்டும்? சொல்லும் ஒரு நிலைமையே. இலங்கையின் அரசாங்கப் புள்ளிவிவரம் நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என மூன்றாகப் பிரிக்கிறது. 20 ஏக்கருக்குக் குறையாத பரப்பும், அங்கேயே வதியும் தொழிலாளர் பத்துப் பேரும் அதற்கு மேலும் இருந்தால் அது தோட்டம். கிராமம் என்று எழுதப்பட்டால் சாலையும் தண்ணீரும் உள்ளூராட்சியின் கடமை. தோட்டம் என்று எழுதப்பட்டால், அது நிர்வாகத்தின் காரியம் என்று பிரதேச சபை நெடுங்காலம் கையை விரித்தது. இதற்கு இடமளித்த சட்டம் 2018இல்தான் திருத்தப்பட்டது. ஒரு சொல் தண்ணீர்க் குழாயைத் தடுத்து நிறுத்தும் வல்லமை பெற்றிருந்தது. அத்தகைய சொல்லை வெறும் ஒலி என்று எப்படி ஒதுக்குவது?

மூன்றாவது, லயத்தைப் பண்பாட்டுச் சின்னமாகப் போற்றுங்கள் என்பது. மலையகத் தமிழர் வருகையின் இருநூறாவது ஆண்டு 2023இல் நினைவுகூரப்பட்டது; தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தனர். அத்தகைய நினைவு அவசியம். பழைய பீகொக் தோட்டத்தில் ஒரு லயத்தையே தொழிலாளர் அருங்காட்சியகமாக அமைத்திருப்பதும் பாராட்டுக்குரியதே. ஆனால் அருங்காட்சியகத்துக்கு உரிய பொருளில் இன்றும் மனிதர் வாழ்கின்றனர் என்பதை மறந்துவிட்டுப் போற்றுவது, நோயாளியைக் குணப்படுத்தாமல் நோய்க்குச் சிலை வைப்பதாகும். நினைவுச் சின்னம் ஆவதற்கு முன் லயம் காலியாக வேண்டும். காலி செய்தவர்களுக்குச் சொந்த வீடு இருக்க வேண்டும்.

அப்படியானால் நாம் கூறும் விடை என்ன? கோவையின் லைன் வீட்டையும் ஸ்பிரிங்வெளியின் லயத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் வரிசை வீடுகள். இரண்டிலும் நெருக்கடி உண்டு, பொதுக் குழாயடியில் சண்டை உண்டு, வறுமை உண்டு. ஆயினும் லைன் வீட்டில் இருக்கிறேன் என்று சொல்ல ஒரு பஞ்சாலைத் தொழிலாளி கூசுவதில்லை. ஏன்? அவனுக்கு வேலை கொடுப்பவன் ஒருவன். வீடு கொடுப்பவன் மற்றொருவன். ஆலையில் முறைத்துக்கொண்டு வெளியேறினாலும் அன்றிரவு தன் பாயில் படுக்கலாம். வீட்டுக்காரனோடு முறைத்துக்கொண்டால் அடுத்த தெருவில் வேறு வீடு பார்க்கலாம். லயத்தில் அப்படியில்லை. வேலை கொடுக்கும் கையே கூரையையும் பிடித்திருக்கிறது. முற்காலத்தில் ஒருவனுக்குப் பத்துச்சீட்டுக் கிழித்துவிட்டால் அவன் வேலை மட்டும் போகாது. மனைவி மக்களும் சட்டிபானைகளும் சேர்ந்தே பாதைக்கு வரும். சங்கத்தில் சேர்ந்தவனின் கூரையே அவனுக்கு எதிரான பணயப் பொருளாயிற்று. லயம் என்ற சொல்லின் நஞ்சு இந்த முடிச்சில்தான் இருக்கிறது. இழிவைப் பிறப்பித்தது அறையின் சிறுமை மட்டுமன்று. அந்த அறையில் வாழ்பவன் அங்கே மனிதனாக அல்லாமல் உழைப்பாக மட்டுமே இருக்க அனுமதிக்கப்பட்டான் என்பதும் ஆகும்.

ஆகவே எந்தத் தோட்டத்திலும் நாம் கேட்க வேண்டிய வினா ஒன்றே: வேலையை விட்டவர் வீட்டையும் விட வேண்டுமா? ஆம் என்றால் அதன் பெயர் எதுவாயினும் அது லயமே. மாடி வைத்துக் கட்டினாலும் லயமே. இல்லை என்றால், மக்கள் பழக்கத்தால் லயம் என்றே அழைத்தாலும் அது வீடு.

இந்த வினாவை வைத்து வரலாற்றைப் பார்த்தால் பல தெளிவுகள் பிறக்கின்றன. 1948இன் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. வேலையும் வீடும் துரையின் கையில் இருந்தவர்களுக்கு இப்போது நாடும் பிறர் கையில் போய்ச் சேர்ந்தது. 1964 ஒக்டோபரில் செய்யப்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தனர். அந்த மக்களை எவரும் கேட்கவில்லை. இங்கேதான் முன்னர் குறிப்பிட்ட 'கட்சியின் லைன்' நினைவுக்கு வருகிறது. 1948இல் குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்துக் குரல் கொடுத்த சமசமாஜக் கட்சியின் பெரும்பகுதி, 1964 ஜூனில் ஆளுங்கூட்டணியில் சேர்ந்து அமைச்சர் பதவி ஏற்றது. நான்கு மாதங்களில் அந்த அரசே ஒப்பந்தம் செய்தது. கூட்டணியை ஏற்காத ஒரு சாரார் பிரிந்து சென்றனர் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும். கட்சியின் லைன் மாறிற்று. தொழிலாளியின் லயன் மாறவில்லை. இடதுசாரி உணர்வுடைய நாம் இந்த இரண்டு லைன்களையும் சேர்த்தே எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.

மலையிலிருந்து இறங்கித் தலைமன்னாருக்குப் போன இரயிலுக்கு மக்கள் 'அழுகைக் கோச்சி' என்று பெயரிட்டனர். இரண்டே சொற்கள், ஓர் ஒப்பந்தத்துக்கு அதைவிடச் சிறந்த விமரிசனத்தை எந்தப் பேராசிரியரும் எழுதவில்லை. அப்படிப் போனவர்களில் பலருக்கு நீலகிரியில் தமிழ்நாட்டு அரசின் தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. அங்கும் அவர்களுக்கு வரிசை வீடுகளே. ஓய்வு பெற்றால் அங்கும் காலி செய்ய வேண்டும் என்ற நெருக்கடியே. திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலையில், காட்டுநிலக் குத்தகை 2028இல் முடிவதையொட்டி, தலைமுறைகளாய் உழைத்த குடும்பங்கள் 2024இல் விருப்ப ஓய்வு பெற்று மலையிறங்குமாறு கேட்கப்பட்டன. நாடு மாறியது; கொடி மாறியது; வினாவுக்குரிய விடை மாறவில்லை.

இலங்கையில் தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பெனிகளின் கைக்குச் சென்றது. 1988, 2003 ஆண்டுகளின் சட்டங்கள் நாடற்ற நிலைக்கு முடிவு கட்டின. உடைமை மாறியது, குடியுரிமை வந்தது, லயங்கள் மட்டும் மலையில் அப்படியே நின்றன. அண்மைக் காலத்தில் ஏழு பேர்ச் காணியில் தனிவீடு கட்டிக்கொடுக்கும் திட்டங்கள் தொடங்கின; இந்திய உதவியுடன் முதலில் 4,000 வீடுகளும், 2017இல் மேலும் 10,000 வீடுகளும் அறிவிக்கப்பட்டன. இவற்றை நாம் வரவேற்கிறோம். ஆனால் சுவர் எழுந்தால் மட்டும் போதாது. அந்த நிலத்தின் உரிமைப் பத்திரம், முடிந்தால் உழைத்த பெண்ணின் பெயரில், கைக்கு வந்து சேர வேண்டும். பத்திரமில்லாத தனிவீடு, தள்ளித் தள்ளிக் கட்டிய லயமேயன்றி வேறன்று.

இதை வெறும் உரிமை வாதம் என்று எண்ணுபவர்கள் இரண்டு ஊர்களை நினைக்க வேண்டும். பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று காலை மலை சரிந்து லயங்களை மூடியது. அபாயம் பற்றி முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனால் எழுந்து போவதற்கு அம்மக்களுக்கு வேறு நிலம் எங்கே இருந்தது? கேரளத்தில் மூணாற்றுக்கு அப்பால் பெட்டிமுடியில் 2020 ஓகஸ்டில் நள்ளிருளில் மலை இறங்கியது. தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேரை அது கொண்டுபோயிற்று. அங்கும் அந்த வரிசை வீடுகளுக்கு, தமிழிலும் மலையாளத்திலும், லயம் என்றே பெயர். கடலால் பிரிந்த இரு மலைகள், ஒரே சொல், ஒரே சாவு. லயம் என்பதற்கு அழிவு என்றும் ஒரு பொருள் உண்டு என்று வடமொழி அறிந்தோர் கூறுவர். அந்தப் பொருளை மெய்ப்பிக்கும் பொறுப்பை நாம் மழையிடம் விட்டுவைத்திருக்கிறோம்.

இறுதியாக, ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. வகுப்பில் 'லைன்' என்பதற்கு வீடு என்று ஒரு பிள்ளை பொருள் கூறினால், அதைப் பிழையென்று திருத்தாதீர்கள். கோடு என்பதையும் கற்பியுங்கள். அந்தப் பிள்ளை கூறிய பொருளையும் கரும்பலகையில் எழுதுங்கள். இரண்டும் எப்படி ஒரே சொல்லாயின என்று கேளுங்கள். பட்டாளக் கொட்டடி வரும், கோப்பி வரும், கங்காணி வருவான், 1948 வரும். ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு வகுப்பு முழுவதும் தன் வரலாற்றைத் தானே கண்டெடுக்கும். எந்தச் சொல்லுக்காகத் தலைகுனிந்தோமோ அந்தச் சொல்லை ஆராயத் தொடங்கிய மாணவன் மீண்டும் அதற்காகத் தலைகுனிவதில்லை. மேலும், அந்தச் சொல்லை வைத்துக்கொள்வதா விட்டுவிடுவதா என்று முடிவு செய்யும் உரிமை அதற்குள் வாழ்ந்தவர்களுக்கே உண்டு. நகரத்திலிருந்து பரிவோடு வருபவர்களும் அதைத் தம் கையில் எடுத்துக்கொள்ளலாகாது. நம் கடமை அதனினும் கடினமானது: வேலை கொடுக்கும் கையிலிருந்து கூரையை விடுவிக்கும் போராட்டத்தில் அவர்களோடு நிற்பது.

அந்தப் பத்திரங்கள் கைக்கு வந்த பின்னர், லயம் என்ற சொல்லைப் பற்றி எவரும் கவலைகொள்ள வேண்டியதில்லை. ஸ்பிரிங்வெளியின் பெயர்த்திகள் விரும்பினால் அதைத் தம் பாட்டிமாரின் நினைவாக வைத்துக்கொள்வர். விரும்பாவிட்டால் பழந்துணிபோல் களைந்துவிடுவர். எதைச் செய்தாலும், அதைத் தம் சொந்த முற்றத்தில் நின்று செய்வர்.